25 புள்ளி, 17 வரிசை: ஒரு பழைய போர் விமானத்தின் நூறாவது பிறந்தநாளை நம் ஊரில் நடத்துவது எப்படி

2027 மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நூறு வருஷத்துக்கு முன் அதே தேதி ஒரு திங்கட்கிழமை. இங்கிலாந்தில் சோமர்செட் பக்கம் யோவில் என்ற ஊரில், வெஸ்ட்லேண்ட் கம்பெனி செய்த இரட்டைச் சிறகு விமானம் ஒன்று அன்றுதான் முதல் தடவையாகத் தரையை விட்டுக் கிளம்பியது. பெயர் வாப்பிட்டி. வட அமெரிக்காவில் திரியும் ஒரு பெரிய மான் இனத்தின் பெயர் அது. விமானத்தைப் பார்த்தால் மான் நினைவெல்லாம் வராது. முன்னால் ஒன்பது சிலிண்டர் துருத்திக்கொண்டு, மேல் சிறகுக்கும் கீழ்ச் சிறகுக்கும் நடுவே கட்டையும் கம்பியுமாக, துணி காயப்போடக் கொடி கட்டிய மொட்டைமாடி போல இருக்கும்.

யோவில்காரர்கள் அவர்கள் பாட்டுக்கு நினைவுகூரட்டும், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் டிரிக் ரோடு தளத்தில் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு தொடங்கியபோது அதன் கையில் இருந்த மொத்த விமானமும் நான்கு வாப்பிட்டி தான். அப்புறம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சென்னைக் கடற்கரையைக் காவல் காக்கப் பரங்கிமலையில் ஒரு பிரிவு அமைத்தார்களே, அதுவும் முதலில் ஓட்டியது இதைத்தான். ஆகவே ஒரு பள்ளியோ, கிளை நூலகத்தின் வாசகர் வட்டமோ, பாலிடெக்னிக்கோ, தெருவில் நாலு பேர் சேர்ந்த குழுவோ, யார் வேண்டுமானாலும் ஒரு நாள் நிகழ்ச்சியாக இதைச் செய்யலாம். செலவு ஐந்தாயிரத்துக்குள் அடங்கும், ஃப்ளெக்ஸ் போர்டு ஆசையை விட்டுவிட்டால் அதற்கும் கீழே.

எப்படிச் செய்வது என்று நான் செய்து பார்த்ததையும், சொதப்பியதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தேதி

மார்ச் 7-க்கு இரண்டு சிக்கல். ஒன்று, பொதுத்தேர்வு சமயம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைத் தொடவே முடியாது, தலைமையாசிரியரும் அந்த மாதம் வேறு எதற்கும் காது கொடுக்க மாட்டார். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை உள்ளவர்களை மட்டும் வைத்துத் திட்டமிடுங்கள், நியாயமாகப் பார்த்தால் அந்த வயசுதான் இதற்குச் சரியான வயசும். இரண்டாவது சிக்கல் எனக்கே காலண்டரைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: மார்ச் 6 சனிக்கிழமை மகா சிவராத்திரி. ஊரில் பாதிப் பேர் ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு ஞாயிறு காலையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி வைத்தால் நீங்களும் மைக் செட்காரரும் மட்டும்தான் இருப்பீர்கள். மாலை நான்கு மணி சரியாக இருக்கும், வெயிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இன்னொன்று. அழைப்பிதழில் "இந்திய விமானப்படை நூற்றாண்டு" என்று எழுதிவிடாதீர்கள். விமானப்படை சட்டப்படி பிறந்தது 1932 அக்டோபர் 8, அதற்கு நூறு ஆவது 2032-ல்தான். இது ஒரு விமானம் முதல் தடவை பறந்ததன் நூறாவது ஆண்டு, அவ்வளவுதான். நான் பார்த்த வரை, இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் கூட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒரு விமானப்படைக்காரர் எழுந்து திருத்துவது இந்த இடத்தில்தான், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

படத்தைச் சரிபாருங்கள்

என் சொதப்பலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு நாங்கள் வைத்த ஒரு கண்காட்சியில், வாப்பிட்டி என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஹாக்கர் ஹார்ட் படத்தை அச்சடித்துத் தொங்கவிட்டோம். இரண்டும் ஒரே காலத்து இரட்டைச் சிறகு விமானங்கள், அவசரத்தில் யாருக்கும் தெரியவில்லை. வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி மூக்கு தான். ஹார்ட்டின் மூக்கு பென்சில் சீவினது போலக் கூராக இருக்கும், தண்ணீரால் குளிரும் என்ஜின் உள்ளே மறைந்திருக்கும். வாப்பிட்டியின் மூக்கு மொண்ணை. பிரிஸ்டல் ஜூபிட்டர் என்ற, காற்றாலேயே குளிரும் என்ஜினின் ஒன்பது சிலிண்டரும் சூரியகாந்தி இதழ் மாதிரி வெளியே தெரியும்.

அடுத்த தப்பு, விமானத்தின் மேல் போடும் வட்டச் சின்னம். மாதிரி செய்கிற பிள்ளைகள் ஆர்வத்தில் காவி, வெள்ளை, பச்சை வட்டம் வரைந்துவிடுவார்கள். அன்றைய இந்திய விமானப்படை விமானங்களில் இருந்தது பிரிட்டிஷ் வட்டம்: நடுவில் சிவப்பு, பிறகு வெள்ளை, வெளியே நீலம். மூவர்ண வட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. விமானத்தின் உடம்பு நிறம் வெள்ளி. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "ஏன் சார் அவங்க சின்னம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அந்தக் கேள்விக்காகவே இதைச் செய்யலாம்.

இணையத்தில் எடுக்கும் படங்களுக்குக் கீழே உரிம வரி இருக்கும், அதைப் படியுங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் பல, காசு வாங்காத கல்வி நிகழ்ச்சிக்கு அனுமதிக்கின்றன, ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று படத்தின் அடியிலேயே போடச் சொல்கின்றன. போட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, டெல்லியில் இருக்கும் சொந்தக்காரரையோ நண்பரையோ அங்கே பாலம் என்ற இடத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது. உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே முழு வாப்பிட்டி அங்கேதான் நிற்கிறது, எண் கே-813. திறந்திருக்கும் நாளையும் படம் எடுக்கலாமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஐந்நூறுக்கு மேல் செய்தார்கள், ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா, இராக் என்று எங்கெங்கோ பறந்தது, கடைசியில் தப்பிப் பிழைத்தது நம்மிடம் இருப்பது ஒன்று. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

தரையில் முழு அளவு விமானம்

நிகழ்ச்சியில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். விளையாட்டு மைதானத்தில் விமானத்தை அதன் உண்மையான அளவிலேயே வரைவது. சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 46 அடி 5 அங்குலம், மூக்கிலிருந்து வால் வரை கிட்டத்தட்ட 32 அடி. காகிதத்தில் படித்தால் எண் மட்டும்தான். தரையில் வரைந்து பார்த்தால், சிறகு ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தை விட அதிகம் என்பதும், அவ்வளவு பெரிய சாமானுக்கு நடுவே இரண்டே பேர் உட்காரும் குழி எவ்வளவு சின்னது என்பதும் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இதற்கு எங்களுக்கு வழி காட்டியது ஓவிய ஆசிரியர் இல்லை, சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. நாங்கள் கயிறையும் டேப்பையும் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றபோது, "புள்ளி வச்சுக்கோங்க தம்பி" என்றார். அதேதான். புள்ளிக் கோலத்தை மீறி ஒரு வழி கிடையாது.

விமானத்தின் மேல்பார்வைப் படம் ஒன்றை, அதாவது மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்தப் படத்தை, ஒரு தாளில் அச்செடுங்கள். அதன் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள், சிறகு நீளவாக்கில் 24 கட்டம் வரும்படி. ஒரு கட்டம் என்பது தரையில் இரண்டடி. 24 கட்டம் என்றால் 48 அடி, 46 அடிச் சிறகு உள்ளே அடங்கி இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் மிஞ்சும்; எனவே படத்திலும் சிறகு நுனிக்கு வெளியே அரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். நீளத்துக்கு 16 கட்டம் போதும். இப்போது மைதானத்தில் இரண்டடிக்கு ஒரு புள்ளி: குறுக்கே 25 புள்ளி, நேராக 17 வரிசை. 25 ஒற்றைப்படை என்பதால் நடுவில் ஒரு புள்ளி வரிசை தானாகக் கிடைக்கும், அதுதான் விமானத்தின் முதுகெலும்பு. தாளில் கோடு எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் போகிறதோ தரையிலும் அப்படியே இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மேல் சிறகும் கீழ்ச் சிறகும் மேலிருந்து பார்க்கையில் பெரும்பாலும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும் என்பதால் மேல் சிறகை மட்டும் வரைந்தால் போதும், இல்லையென்றால் கோடு கோடாகக் குழம்பிவிடும்.

புள்ளி நேராக வருவதற்கு நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் செய்வதைச் செய்யலாம்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறியுங்கள், இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி இருந்தால் மூலை சரி. பெரிய மைதானத்துக்கு 6, 8, 10 என்று எடுத்துக்கொண்டால் பிழை குறையும்.

கோலமாவோ, ஓட்டப் பந்தயத் தடம் போடும் வெள்ளைத் தூளோ வாங்குங்கள். சுண்ணாம்புச் சூளையிலிருந்து சுண்ணாம்பு வாங்கிவிடாதீர்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. வரைவதற்குப் பத்துப் பேர் இருந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விமானி உட்காரும் வட்டத்திலும் அதற்குப் பின்னால் துப்பாக்கிக்காரர் இடத்திலும் ஒரு பழைய ஸ்டூலைப் போட்டு இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள். மொட்டைமாடி இருந்தால் அங்கிருந்து ஒரு படம் எடுங்கள். ட்ரோன் விட ஆசை வரும். விமான நிலையத்துக்கும் படைத்தளத்துக்கும் பக்கத்தில் ட்ரோன் விடத் தடை இருக்கிறது, மற்ற இடத்திலும் விதிகள் உண்டு. சென்னையில் இந்த ஆசையை மறந்துவிடுவது நல்லது, மாடி எதற்கு இருக்கிறது?

மேசை மேல் மாதிரி

இந்த விமானத்துக்குப் பிளாஸ்டிக் கிட் கடையில் கேட்டால் கிடைக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தெர்மாகோல், அட்டை, ஈர்க்குச்சி போதும். 24-ல் ஒரு பங்கு அளவு எடுத்துக்கொண்டால் சிறகு 59 சென்டிமீட்டர், உடம்பு 40 சென்டிமீட்டர், உயரம் பதினாறரை சென்டிமீட்டர் வரும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும், பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். இரண்டு சிறகையும் தாங்கும் கட்டைகளுக்கு ஈர்க்குச்சி, குறுக்குக் கம்பிகளுக்குத் தையல் நூல். நூலைக் கட்டி முடித்த பிறகு மாதிரி திடீரென்று விறைப்பாகிவிடுவதைப் பிள்ளைகள் கையால் அழுத்திப் பார்க்கட்டும். அன்றைய விமானங்களுக்கு அவ்வளவு கம்பி எதற்கு என்று வேறு விளக்கமே தேவைப்படாது.

என்ஜினுக்கு ஒரு அட்டை வட்டம், அதைச் சுற்றி ஒன்பது துண்டு. எட்டு வைத்தால் அழகாக வருமே என்று யாராவது எட்டு வைப்பார்கள். கூடாது. ஒரே அடுக்கில் வட்டமாக நிற்கும் இந்த வகை என்ஜினில் சிலிண்டர்கள் ஒற்றைப்படையில்தான் இருக்கும், ஒன்று விட்டு ஒன்றாக வெடித்து இரண்டு சுற்றில் எல்லாம் முடிய வேண்டும் என்பதால். ஒன்பது பேரை வட்டமாக உட்கார வைத்து ஒருவரை விட்டு ஒருவர் கை தட்டச் சொல்லுங்கள்: 1, 3, 5, 7, 9, பிறகு தானாக 2, 4, 6, 8 என்று போய் மறுபடி 1-க்கு வந்து நிற்கும். எட்டுப் பேரை வைத்துச் செய்தால் இரட்டைப்படை எண்காரர்களுக்கு முறையே வராது. இந்த விளையாட்டு ஐந்து நிமிஷம்தான், ஆனால் பிறகு யாரும் எட்டு சிலிண்டர் ஒட்ட மாட்டார்கள். தாளில் பிரித்துக் குறிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 40 பாகை.

சிறகின் மேல் இருப்பது தகரம் இல்லை, துணி என்றால் முக்கால்வாசிப் பேர் நம்ப மாட்டார்கள். சின்ன மரச் சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணி அடித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி வெயிலில் வைத்துவிடுங்கள். காய்ந்ததும் கஞ்சி போட்ட வேட்டி போல விறைத்து, தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வரும். உண்மையான விமானத்தில் பூசிய ரசாயனம் வேறு, அது சீக்கிரம் தீப்பிடிக்கும், வாடையும் தலை சுற்றவைக்கும், ஆகவே அசல் வேண்டும் என்று கிளம்ப வேண்டாம்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அட்டையில் இந்த விமானம் பிறந்த கதையை எழுதி வையுங்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி அது. முதல் உலகப் போரில் வந்த டி.எச்.9ஏ என்ற பழைய விமானத்துக்கு மாற்று தேவைப்பட்டது. ஆனால் அதன் உதிரி பாகங்கள் கிடங்கு நிறையக் கிடந்தன, தூக்கிப்போட அரசாங்கத்துக்கு மனசில்லை. எனவே புது விமானம் வேண்டும், ஆனால் பழைய சாமானை முடிந்த மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பாட்டி சேலையில் பாவாடை தைத்த கதைதான். பல கம்பெனிகள் போட்டிக்கு வந்தன, டி.எச்.9ஏ-யை ஏற்கெனவே கட்டிப் பழகிய வெஸ்ட்லேண்ட் ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், அடுத்தடுத்த வகைகளில் மரத்துக்குப் பதில் உலோகச் சட்டம் வந்துவிட்டது, பழைய மரச் சிறகுகளைத் தீர்க்கத் தொடங்கிய விமானம் கடைசியில் அவற்றை ஒதுக்கிவிட்டது. முதலில் ஓட்டிப் பார்த்தவர் மேஜர் லாரன்ஸ் ஓப்பன்ஷா. அதே வருஷம் ஜூனில் போர்ன்மவுத் விமானப் பந்தயத்தில் வேறொரு விமானத்தில் போய்க்கொண்டிருக்கையில் நடுவானில் மோதி இறந்துபோனார். தான் சோதித்த விமானம் படையில் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

ஒரு விளையாட்டு

அந்தக் காலத்தில் கீழே இருக்கும் தரைப்படைக்கும் மேலே போகும் விமானத்துக்கும் நடுவே தபால் எப்படி? இறங்க இடம் இல்லாத மலைப் பகுதியில், இரண்டு கம்பத்தை நட்டுக் குறுக்கே கயிறு கட்டி, அதில் செய்திப் பையை மாட்டிவைப்பார்கள். விமானம் தாழப் பறந்து வந்து, வயிற்றுக்குக் கீழே தொங்கும் கொக்கியால் கயிற்றோடு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மைதானத்தில் இரண்டு மூங்கில் கம்பு, நடுவே பத்தடி இடைவெளி, குறுக்கே மெல்லிய நூல், நூலில் ஒரு துணிப் பை. நூலை இறுகக் கட்ட வேண்டாம், கம்பின் மேல் சும்மா தொங்க விட்டால் போதும், இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். ஓடி வருபவர் கையில் ஒரு குச்சி, குச்சி நுனியில் கம்பிக் கொக்கி. அதன் கூர்மையை மழுக்கிவிடுங்கள். நிற்காமல் ஓடிக்கொண்டே பையை எடுக்க வேண்டும். பையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு கேள்வி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாங்கள் செய்த எல்லாவற்றிலும் வரிசை கட்டி நின்றது இதற்குத்தான், பெற்றோர்களும் சேர்த்து.

கசப்பான பகுதியை விடாதீர்கள்

இங்கேதான் பல பேர் நழுவிவிடுகிறார்கள். வாப்பிட்டி முக்கியமாக எங்கே வேலை செய்தது? அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் வஜீரிஸ்தான் மலைகளில். பிரிட்டிஷ் பேரரசுக்கு அடங்காத பழங்குடியினரை வானத்திலிருந்து அடக்குவதற்கு. முதலில் எச்சரிக்கைத் துண்டுச் சீட்டு போடுவார்கள், ஊரைக் காலி செய்யச் சொல்லி, பிறகு குண்டு. இந்திய விமானிகளும் அங்கே மீரான்ஷா என்ற தளத்திலிருந்து இதே வேலைக்குப் பறந்திருக்கிறார்கள். விமானிகள் சட்டையில் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள்: இவரை உயிரோடு, சேதாரம் இல்லாமல் கொண்டுவந்து ஒப்படைத்தால் வெகுமதி உண்டு என்று உள்ளூர் மொழிகளில் எழுதியிருக்கும். அந்த ஒரு சீட்டைப் பற்றிப் பேசினாலே, கீழே இருந்தவர்கள் இந்த விமானத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது விளங்கிவிடும்.

இதைச் சொல்லாமல் வீரக் கதையாக மட்டும் ஓட்டினால், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து "யார் மேல குண்டு போட்டாங்க?" என்று கேட்கும், நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஒரு தட்டியை இதற்கென்றே ஒதுக்குங்கள். அடிமைப்பட்ட நாட்டின் இளைஞர்கள் தங்களை ஆட்சி செய்தவர்களின் விமானத்தில் ஏறி இன்னொரு மக்கள் மேல் பறந்தார்கள், அதே ஆட்களில் ஒருவர் பிறகு சுதந்திர நாட்டின் விமானப்படைக்குத் தலைமை தாங்கினார், இரண்டும் உண்மை. அவர் சுப்ரதோ முகர்ஜி, 1954 ஏப்ரல் 1 அன்று முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். பிற்காலத்தில் விமானப்படை மார்ஷல் ஆன அர்ஜன் சிங்கும் ஆரம்பத்தில் எல்லைப்புறத்தில் வாப்பிட்டி ஓட்டியவர்தான்.

ஆனால் பேச்சாளரிடம் விமானிகளைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1933-ல் அந்த நான்கு விமானங்களோடு ஹவாய் சிப்பாய், அதாவது விமானச் சிப்பாய், என்ற பெயரில் 19 பேர் சேர்ந்தார்கள், என்ஜினைப் பிரிப்பது, துணியைத் தைப்பது, கம்பியை முறுக்குவது எல்லாம் அவர்கள் கையில். அதில் ஹர்ஜிந்தர் சிங் என்பவர் லாகூரில் பொறியியல் படித்துவிட்டு அதிகாரியாக இல்லாமல் சிப்பாயாகவே சேர்ந்தவர்; பிறகு ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார், கான்பூரில் விமானம் கட்டும் வேலையை முன்னின்று நடத்தினார். பாலிடெக்னிக் மாணவர்களிடம் பேசுகிறீர்கள் என்றால் இவர் ஒருவரைப் பற்றியே இருபது நிமிஷம் பேசலாம்.

சின்னப் பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்தால் எவரெஸ்ட்டை எடுங்கள். கராச்சியில் முதல் பிரிவு தொடங்கிய இரண்டே நாளில், 1933 ஏப்ரல் 3 அன்று, பீகாரில் பூர்ணியா பக்கமிருந்து கிளம்பிய இரண்டு வெஸ்ட்லேண்ட் விமானங்கள் எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே முதல் தடவையாகப் பறந்தன. அதில் ஒன்றான வாலஸ், வாப்பிட்டியிலிருந்து வளர்ந்த தம்பி விமானம்.

சென்னைக்காரர்களுக்கு

உங்களுக்கு மைதானம்கூட வேண்டாம். பரங்கிமலைப் படிக்கட்டு ஏறுங்கள். மேலே தேவாலயத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்றைய விமான நிலையத்தின் ஓடுபாதை தெரியும். போர்க் காலத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் என்று துறைமுக ஊர்களில் தன்னார்வ விமானிகளைக் கொண்டு கடலோரக் காவல் பிரிவுகள் அமைத்தார்கள், முதல் எண் கொண்ட பிரிவு இந்தப் பரங்கிமலையில்தான். அப்போதே கிழடாகிப்போன ஒற்றை என்ஜின் விமானத்தை எடுத்துக்கொண்டு வங்கக் கடலுக்கு மேல் போய்க் கப்பல்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், என்ஜின் நின்றால் கீழே தண்ணீர். 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து சுட்டுவிட்டுப் போன பயம் ஊருக்கு இன்னும் தெளியாத காலம் அது. "சரியான எம்டன்" என்று இன்றும் திட்டுகிறோமே, அதே எம்டன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய அப்பா, அம்மா ஜப்பான் தாக்கும் என்ற பயத்தில் சென்னையைக் காலி செய்துகொண்டு போன 1942 கதையைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், மாலையில் ஒலிபெருக்கியில் போடலாம். பரங்கிமலையைச் சுற்றி ராணுவப் பகுதி இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். போர்க் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்ட நினைத்தால் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன, ஒரு முழு நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

அழைப்பும் அனுமதியும்

மைதானத்துக்குப் பள்ளியின் எழுத்து அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி, இரண்டும் வாங்கிவிடுங்கள். விருந்தினராக ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் யாராவது வேண்டும் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஜனவரியிலேயே கடிதம் கொடுங்கள். அதிகாரி வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம், என்ஜின் பிரிவில் இருபது வருஷம் இருந்த சார்ஜென்ட் ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பிள்ளைகளுக்கு விமானப்படைச் சீருடை தைத்துப் போட்டுவிட ஆசைப்படாதீர்கள், படையில் இல்லாதவர் அந்த உடையில் திரிவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். பழைய விமானி வேஷம் வேண்டுமென்றால் காதை மூடும் குல்லா, நீச்சல் கண்ணாடி, மப்ளர், முடிந்தது.

மேடைப் பேச்சு மொத்தம் நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. பொன்னாடை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி, ஆனால் ஊருக்கு ஊர் இது மாறும், சண்டை போடாதீர்கள். மோரும் சுண்டலும் கொடுங்கள்.

முடிந்ததும் மாதிரியை நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கூடவே செய்த பிள்ளைகளின் பெயர் எழுதிய அட்டையும். மைதானத்துக் கோலத்தை அன்றே கூட்ட வேண்டாம். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்கு வரும் பிள்ளைகள் வரிசையாக அந்தச் சிறகின் மேலேதான் நிற்பார்கள். எங்கள் ஊரில் இடது சிறகில் ஆறாம் வகுப்பும் வலது சிறகில் ஏழாம் வகுப்பும் நின்றன, விமானி உட்காரும் இடத்துக்கு மட்டும் ஒரு சண்டை வந்தது.